ஒன்பதாம் வரிசை

வேலாயுதத்துக்கு உலகத்தின் மேல் இருந்த ஒரே மனத்தாங்கல் ஆங்கில எழுத்து வரிசைதான். 'வி' என்ற எழுத்தைக் கொண்டுபோய்க் கடைக்கோடியில் வைத்தவன் யாரென்று தெரிந்தால், நேரில் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்பார். வங்காளத் தலைநகரின் கார்டன் ரீச் பகுதியில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு கப்பல் ரிப்பேர் கம்பெனியில் அவர் பெயிண்ட் ஸ்டோர் கீப்பர். அங்கே எதற்கெடுத்தாலும் ஒரு பட்டியல். பட்டியல் என்றால் ஆங்கில எழுத்து வரிசை. சோப்பும் துண்டும் கொடுக்கும்போது அவர் முறை வருவதற்குள் நல்ல துண்டெல்லாம் போய், ஓரம் பிரிந்த துண்டுதான் மிச்சம் இருக்கும். மழைக்கோட்டு கொடுத்த வருஷம் அவருக்கு வந்த கோட்டுக்குள் இன்னொரு வேலாயுதமும் தாராளமாகக் குடியிருக்கலாம். இத்தனைக்கும் பெயிண்ட் பிரிவில் அவரைவிட சர்வீஸ் கூடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாமல் போனது பாலசுப்ரமணியனால். பாலு நேற்றுச் சேர்ந்த பையன். ஸ்டோரில் அவருக்குக் கீழே குமாஸ்தா. டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவன், தமிழைவிட வங்காளி சரளமாகப் பேசுவான், பெரியவர்களின் பெயரோடு 'தா' சேர்த்துக் கூப்பிடும் வங்காளி வழக்கப்படி அவரை 'வேலுதா' என்பான். நல்ல பையன்தான். ஆனால் அவன் பெயர் 'பி'யில் தொடங்கியது. எந்தப் பட்டியலை எடுத்தாலும் பாலு ஒன்பதாவது, வேலாயுதம் கடைசி. புதுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவன் அவருக்கு முன்னால் நடந்து போகும்போதெல்லாம் வேலாயுதத்துக்கு வயிறு எரியும்.

அந்த வருஷம் பெயிண்ட் பிரிவில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. ஈயமும் தின்னரும் நாள் முழுக்க மூக்கில் ஏறுகிற வேலையாதலால் வருஷா வருஷம் நடக்கும். இந்தத் தடவை எக்ஸ்ரே எடுக்கிற வண்டியும் கம்பெனி வாசலுக்கே வந்தது. கம்பெனி டாக்டர் சன்யால் அறிக்கை எழுதிக் கொடுக்க, கூடவே ஒரு பெரிய அட்டவணையும் தொழிலாளர் நலக் கமிட்டிக்குப் போகும். வரிசை எண், பெயர், வேலை, வயது, போன வருஷ எடை, இந்த வருஷ எடை, மார்பளவு, கண் பார்வை என்று ஒருவருக்கு ஒரு வரிசையாக எல்லாம் அதில் இருக்கும். வேலாயுதம் நலக் கமிட்டியில் உறுப்பினர். விட்டாரா? இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதினார். சர்வீஸில் மூத்தவர்களைக் கடைசியில் போடுவது மூப்பை அவமதிப்பதாகும், ஆகவே அட்டவணையை சர்வீஸ் வரிசைப்படி திருத்த வேண்டும் என்று கேட்டிருந்தார். மேனேஜருக்கு அன்றைக்குக் கரண்ட் கட், கிரேன் ரிப்பேர், இன்னும் என்னென்னவோ. மனுவைப் படிக்காமலே 'அப்படியே செய்க' என்று ஓரத்தில் எழுதி டைப்பிஸ்டிடம் அனுப்பிவிட்டார்.

டைப்பிஸ்ட் அனந்தலக்ஷ்மி பவானிபூரில் வேலாயுதத்தின் வீட்டுக்கு அடுத்த சந்தில் இருப்பவள். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிகிற நேரத்தில் அவளே அறிக்கையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். திங்கட்கிழமை கமிட்டிக் கூட்டம், அதற்குள் படித்துவிட்டு வரவேண்டுமாம். அவர் இஷ்டப்படி அட்டவணை முழுவதையும் திரும்ப அடித்ததில் விரல் கணுவெல்லாம் விட்டுப்போயிற்று என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் கொஞ்சம் குத்தலும் இருந்தது. வேலாயுதம் அதைக் கவனிக்கிற மனநிலையில் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் முதல் காரியமாக அட்டவணையைத்தான் பிரித்தார். மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது வரிசை: வி. வேலாயுதம், ஸ்டோர் கீப்பர். ஒன்பது. பாலுவின் அதே ஒன்பது. பாலு எங்கே என்று தேடினால் கீழே, வெகு கீழே, கடைசிக்கு முந்தின வரிசையில் கிடந்தான். வேலாயுதத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த வங்காளிக் கிழவர் என்ன விசேஷம் என்பதுபோலப் பார்த்தார். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தின் ஓரமாக பஸ் நின்றும் நகர்ந்தும் ஊர்ந்தது. வழக்கமாகத் திட்டுகிற வேலாயுதம் அன்றைக்கு, நகரத்துக்கு நல்லது நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அட்டவணையைப் பார்த்து முடித்து, போனால் போகிறது என்று அறிக்கையைப் படிக்கத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில், நடுவில், அது இருந்தது.

அட்டவணையின் ஒன்பதாம் வரிசையில் உள்ளவருக்கு வலது நுரையீரலின் மேல்பகுதியில் நிழல் தெரிகிறது. எடையும் மிகக் குறைந்துள்ளது. அட்டவணையில் ஐந்தாம், ஆறாம் பத்திகளைக் காண்க. இது காசநோய் என்றே கருதுகிறேன். சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும். அவரது மனம் நோகக் கூடாது என்பதால் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

வேலாயுதம் அதைத் திரும்பப் படித்தார். பிறகு அட்டவணையைப் புரட்டினார். ஒன்பது. வி. வேலாயுதம். சற்று முன் அவ்வளவு அழகாகத் தெரிந்த பெயர்.

வீட்டுக்கு வந்தவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவருடைய மகள் சுலோசனா பள்ளிக்கூடக் கதையை வங்காளியில் கொட்டிக்கொண்டே மடியில் ஏற வந்தாள். வேட்டி அழுக்கு என்று சொல்லித் தள்ளி உட்காரவைத்தார். சாயங்காலம் கரண்ட் போனது. அரிக்கேன் விளக்கின் அரையிருட்டு அவருக்கு வசதியாக இருந்தது. தனக்கென்று ஒரு டம்ளரை எடுத்து ஜன்னல் மாடத்தில் வைத்துக்கொண்டார். இருமல் வருகிறதா என்று பார்க்க மெல்ல இருமிப் பார்த்தார், வந்தது. வேண்டுமென்று இருமினால் யாருக்கும்தான் வரும் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. ஊரில் சித்தப்பா ஒருவர் இந்த நோயில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனிக் கட்டிலில் கிடந்து போய்ச் சேர்ந்தது நினைவுக்கு வந்தது. குழந்தையை இனிமேல் தூக்கவே முடியாதோ என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. ஆபீசில் எப்படி முகம் காட்டுவது, ஸ்டோர் சாவியை யாரிடம் கொடுப்பார்கள் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்துவிட்டுத் தன் டம்ளரைத் தானே எடுத்துப் போய்க் குழாயடியில் தேய்க்க உட்கார்ந்தார். அவர் மனைவி அருக்காணி அடுக்களை வாசலில் நின்று இதைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கண்ணாலம் ஆன நாளா நீங்க ஒரு டம்ளரைக் கழுவி நான் பார்த்ததில்லீங்க. என்ன ஆச்சுன்னு சொல்லிப்போடுங்க."

சொல்லிவிட்டார். சொல்லச் சொல்ல அருக்காணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, அழுவதற்கு முன் ஒரு தடவை விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வோம் என்று தீர்மானித்தவளாக, அந்தக் காகிதத்தில் இருப்பதை வார்த்தை விடாமல் தமிழில் சொல்லச் சொன்னாள். அவர் அறிக்கையைக் கொண்டுவந்து தமிழ்ப்படுத்திக்கொண்டே போனார். எடை மிகக் குறைந்துள்ளது என்ற இடம் வந்ததும் அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"யாருக்குங்க எடை குறைஞ்சிருக்குது? பூஜைக்குத்தான் உங்க பேண்ட்டு இடுப்பைப் பிரிச்சு உட்டேன். இன்னொருக்கா பிரிக்கோணும்னா அதுல துணியில்லீங்க. அந்தக் கட்டத்துல என்னதான் போட்டிருக்குதுன்னு பாருங்க."

கட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. ஒன்பது என்ற எண்ணையும் பக்கத்தில் இருந்த தன் பெயரையும் பார்த்தாரே தவிர, டாக்டர் காண்க என்று சொன்ன ஐந்தாம் பத்தியையும் ஆறாம் பத்தியையும் காணவில்லை. மகளின் பையிலிருந்து மர ஸ்கேலை எடுத்து ஒன்பதாம் வரிசைக்கு அடியில் வைத்தார். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தாண்டிப் போனார். போன வருஷ எடை, அறுபத்தெட்டு. இந்த வருஷ எடை, எழுபத்தொன்று.

ஏறியிருந்தது. மூன்று கிலோ ஏறியிருந்தது. டாக்டர் எழுதிய ஆளும் அட்டவணையில் இருக்கிற ஆளும் வேறு வேறு. வேலாயுதம் ஸ்கேலைக் கீழே போட்டார். அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்; அந்தத் தொப்பையை அவர் அவ்வளவு பிரியமாக எப்போதும் தொட்டதில்லை. நோயில்லை, ஒன்றுமில்லை, சாப்பாட்டு ராமன் என்பதைத் தவிர அவர் மேல் ஒரு குறையும் இல்லை. சுலோசனாவை வாரித் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவள் மூச்சுமுட்டி, "பாபா, ச்சாடோ" என்று விடச் சொல்லித் திமிறினாள். அருக்காணி குழாயடியிலிருந்து டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு அடுக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு காப்பி போட்டாள்.

பயம் போனதும் கோபம் வந்தது. நம்பர் போடத் தெரியாத டாக்டர் என்ன டாக்டர், திங்கட்கிழமை கூட்டத்தில் அந்த ஆளை ஒரு வழி பண்ணிவிடுகிறேன் என்று பேனாவைத் தேடினார். மனுவின் முதல் வாக்கியம்கூட மனசில் தயாராகிவிட்டது. அருக்காணி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் முகத்தில் இன்னும் என்னவோ பாக்கி இருந்தது.

"அப்போ அந்த ஒம்பதாவது ஆளு யாருங்க? அவருக்குத் தெரியுமுங்களா?"

வேலாயுதம் பேனாவைத் தேடுவதை விட்டார். நிழல் ஒன்று எக்ஸ்ரேயில் தெரிந்தது பொய்யில்லையே. அது யாருடைய நெஞ்சிலோ இருக்கிறது. அவருக்கு இல்லை என்றால் வேறொருவருக்கு இருக்கிறது. அந்த மனிதன் இந்த நேரம் ஒன்றும் அறியாமல் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருப்பான்.

மறுபடி ஸ்கேலை எடுத்தார். இந்தத் தடவை மேலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசைக்கும் ஸ்கேலை இறக்கி, ஐந்தையும் ஆறையும் ஒப்பிட்டுக்கொண்டே போனார். முந்தின நாள் பெயர்களை மட்டும் பார்த்த அதே தாள். இப்போது ஆட்களைப் பார்த்தார். சிலர் ஏறியிருந்தார்கள், சிலர் ஒரு கிலோ அரைக் கிலோ இறங்கியிருந்தார்கள், பலர் அப்படியே இருந்தார்கள். ஸ்கேல் கிட்டத்தட்ட அடிக்கு வந்துவிட்டது. கடைசிக்கு முந்தின வரிசையில் போன வருஷம் ஐம்பத்தைந்து, இந்த வருஷம் நாற்பத்தொன்பது. அவர் ஸ்கேலை நகர்த்தாமல் பெயரைப் படித்தார். பாலசுப்ரமணியன், குமாஸ்தா.

பாலுதான் ஒன்பது. பழைய பட்டியலில் எப்போதும் பாலுதான் ஒன்பது. டாக்டர் பழைய வரிசையைப் பார்த்து ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். எழுதி முடித்த பிறகு அட்டவணையைத் தலைகீழாக மாற்றி அடிக்கவைத்தவர் ஒருவர் உண்டு. அந்த மனிதருடைய மனு இரண்டு பக்கம், அவர் இடுப்பு அளவு கூடிக்கொண்டே போகிறது, இப்போது தரையில் உட்கார்ந்து காப்பி ஆறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தாங்கவில்லை அவருக்கு. அவனுடைய எண்ணுக்கு எவ்வளவு ஆசைப்பட்டோம் என்று நினைக்க நினைக்கக் கூசியது. சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த சந்துக்கு ஓடினார். தன் யூகம் சரிதானா என்று கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் யாரிடமும் போய் உனக்குக் காசநோய் என்று சொல்ல முடியாதல்லவா. அனந்தலக்ஷ்மி வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கை நின்றது. அறிக்கையை ஸ்டென்சிலில் முதலிலேயே அடித்து முடித்தாகிவிட்டது, பிறகு மனு வந்ததும் அட்டவணையை மட்டும்தான் மாற்றி அடித்தேன், அறிக்கைக்குள் எண் போட்டு எழுதியிருக்கும் என்று தோன்றவே இல்லை என்றாள். அப்படிச் சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று வேலாயுதம் சொன்னார். முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னபோது கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

"சார், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துடாதேங்கோ," என்றாள் அனந்தலக்ஷ்மி. "பாலு இன்னிக்கு ராத்திரி மெட்ராஸ் மெயில்ல கிளம்பறான். அவா அக்கா கல்யாணம். ஒரு மாசம் லீவு எழுதிக் கொடுத்திருக்கான்."

டாலிகஞ்ச் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் வார்த்தைகளைத் தேடினார், ஒன்றும் சரிப்படவில்லை. பெற்றோர் முன்பே ஊருக்குப் போய்விட்டதால் பாலு வீட்டில் தனியாக இருந்தான். கட்டில் மேல் பெட்டி திறந்து கிடந்தது. அக்காவுக்கென்று வாங்கிய, தாந்த் என்கிற வங்காளக் கைத்தறிப் புடவை ஒன்று மேலாக மடித்து வைத்திருந்தது. வேலுதாவை வாசலில் பார்த்ததும் அவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நாற்காலியிலிருந்த துணியை அள்ளி, அவரை உட்காரவைத்து, டீ போடப் போனான். அவன் சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் போலிருந்தது. பக்கத்து மேஜையில் தினமும் உட்காருகிறவனை இதுவரை எங்கே பார்த்தோம் என்று வேலாயுதம் தன்னையே கேட்டுக்கொண்டார். டீ வேண்டாம் என்று சொல்லி அவனை உட்காரவைத்து, அட்டவணையையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, மனு எழுதியதிலிருந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

பாலு அந்த வாக்கியத்தைப் படித்தான். தன் வரிசையின் இரண்டு கட்டங்களையும் பார்த்தான். வேலாயுதத்துக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடைசியில் அவன் பெட்டியின் மூலையிலிருந்து ஒரு இருமல் சிரப்பு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தான். அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னொன்று.

"மழைக்காலத்துலேர்ந்து எனக்கு சந்தேகம்தான், வேலுதா. ராத்திரி வேர்த்துக் கொட்டறது. அம்மாகிட்ட சொல்லப் பயம், டாக்டர்கிட்ட கேக்கப் பயம். எக்ஸ்ரே எடுத்தப்போ எப்படியும் தெரிஞ்சுடும்னு காத்திண்டிருந்தேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. சரி, ஒண்ணுமில்லை போலிருக்குன்னு மனசைத் தேத்திண்டு கிளம்பிட்டேன்." மூச்சை இழுத்து விட்டான். "இப்போ நிம்மதியா இருக்கு. நெஜமா. பேரு தெரியாம பயந்துண்டு இருந்ததைவிட இது தேவலை."

வேலாயுதம் அவன் முதுகில் கையை வைத்தார். சட்டைக்கு அடியில் எலும்பு தட்டியது. கையை எடுக்கவில்லை. பிறகு இருவருமாக சாரு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த டாக்டர் சன்யாலின் வீட்டுக்குப் போனார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார இருந்த டாக்டர் இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். பெயரைப் போட்டால் ஆபீசில் ஒதுக்கிவிடுவார்களே என்றுதான் எண்ணைப் போட்டேன், எண் கால் முளைத்து இன்னொருவரிடம் போய் உட்காரும் என்று கண்டேனா என்று வருத்தப்பட்டார். வேலாயுதத்திடம் மன்னிப்புக் கேட்டார். வேலாயுதம் பதிலுக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டார். இது எங்கே முடியும் என்று தெரியாமல் பாலுவே நடுவில் புகுந்து, தனக்கு என்ன ஆகும் என்று கேட்டான். டாக்டர் அவனை உள்ளே அழைத்துப் போய் நெடுநேரம் பரிசோதித்துவிட்டு வந்து, ஆரம்ப நிலைதான், ஊசியும் மாத்திரையும் விடாமல் எடுத்துக்கொண்டால் முழுக்கக் குணமாகிவிடும், ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது என்றார். மெட்ராஸ் மெயில் பாலு இல்லாமலே போயிற்று. தாந்த் புடவையை அனந்தலக்ஷ்மி தனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் கல்யாணத்துக்கு அனுப்பிவைத்தாள். பெற்றோர் திரும்பி வரும்வரை பாலுவுக்கு பவானிபூரிலிருந்து தூக்குச் சட்டியில் சாப்பாடு போனது. அவனுக்கு முட்டை பிடிக்காது என்று தெரிந்தும் டாக்டர் சொன்னாரென்று அருக்காணி தினம் ஒன்று வைத்தனுப்பினாள். அவன் தின்றானா, பக்கத்து வீட்டுப் பூனை தின்றதா என்பது இன்றுவரை நிச்சயமில்லை.

அடுத்த வருஷம் பரிசோதனை முடிந்ததும் மேனேஜர் வேலாயுதத்தைக் கூப்பிட்டனுப்பினார். அட்டவணையை எந்த வரிசையில் போடலாம், மனு ஏதும் உண்டா என்று கேட்டார். கேலிதான். வேலாயுதம் கோபித்துக்கொள்ளவில்லை. எந்த வரிசையில் வேண்டுமானாலும் போடுங்கள், அறிக்கையை அடித்த பிறகு மட்டும் மாற்றாதீர்கள் என்றார்.

ஆகவே பழையபடி ஆங்கில எழுத்து வரிசை. சனிக்கிழமை அறிக்கை கைக்கு வந்தது. பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அட்டவணையைப் பிரித்து, ஒன்பதாம் வரிசைக்குக் கட்டைவிரலைக் கொண்டுபோனார். ஸ்கேல் இல்லாததால் விரல் நகத்தை வரிக்கு அடியில் வைத்துக் கட்டம் கட்டமாக நகர்த்தினார். பாலசுப்ரமணியன், குமாஸ்தா. போன வருஷ எடை, நாற்பத்தொன்பது. இந்த வருஷ எடை, ஐம்பத்தெட்டு.

பவானிபூர் வந்ததுகூடத் தெரியவில்லை. கண்டக்டர் சத்தம் போட்டுத்தான் இறங்கினார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அருக்காணியிடம் ஒன்பது கிலோ ஏறியிருக்கிறான் என்றார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு, "சரிங்க, உங்களுது எத்தனைங்க?" என்று கேட்டாள். வேலாயுதம் விழித்தார். கடைசி வரிசையை அவர் பார்க்கவே இல்லை.